ஒரே சஹனில் இரண்டு வயிறு

கிண்ணியா பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு ஏறுகிற பெண்ணிடம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "என்ன மீன் அக்கா?" முதல் மாதம் சிரித்து மழுப்பினேன். இரண்டாம் மாதம் "விக்கிறதுக்கு இல்ல" என்றேன். மூன்றாம் மாதத்தில் காது கேட்காதவளாகிவிட்டேன். பெட்டிக்குள் இருந்தது மனித மலம். சின்னக் குப்பிகளில், இலக்கம் ஒட்டி, ஐஸுக்கு நடுவே. உண்மையைச் சொல்லியிருந்தால் கொண்டக்டர் பாலத்துக்கு நடுவிலேயே என்னை இறக்கிவிட்டிருப்பான்.

என் பெயர் அனுஷியா. ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகைக் கட்டடத்தின் பின்னறையில் நடந்த ஆய்வுத் திட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். பெயர்தான் நீளம். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போவது, கேள்வித்தாள் நிரப்புவது, குப்பி கொடுப்பது, குப்பி வாங்குவது, இவ்வளவுதான் வேலை. நாற்பது வயதில் இதற்குத்தானா படித்தாய் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. வெயிலும் பஸ்ஸும் அந்தப் பெட்டியும் என்னைச் சக்கையாகப் பிழிந்திருந்தன. அந்தக் களைப்பில் நான் கண்ணை மூடிக்கொண்ட ஓர் இடம் இந்தக் கதையில் வரும். ஆனால் கதை என்னுடையது இல்லை. நஜ்முன் நிஸாவுடையது.

ஆய்வு என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஆளுக்கு ஆள் அந்தக் கூட்டம் வேறு. ஒரே சோற்றை இரண்டு பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு இரத்தத்தில் சீனி எகிறும், மற்றவருக்கு அவ்வளவாக ஏறாது. அதற்கு இந்தக் கூட்டமும் ஒரு காரணம். மலத்தைப் பரிசோதித்தால் யார் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். அதை வைத்துக் கணினி ஆளுக்கொரு சாப்பாட்டுப் பட்டியல் எழுதும். ஒத்துவருவது பச்சை, ஒத்துவராதது சிவப்பு. ஒரு மாதம் கழித்துக் கையில் சீனி பார்க்கும் சென்சர் ஒட்டி, கணினியின் ஊகம் சரிதானா என்று இரண்டு கிழமை, பதினான்கு நாள், பார்ப்போம். சென்சர் விலை கூடியது என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அப்படி வைத்ததன் விலை பிறகுதான் தெரிந்தது.

அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். நிஸா ராத்தாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கிண்ணியாவில் பெரிய தெருவிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் வீடு. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். வாப்பா ஒரே வளவில் இரண்டு வீடு கட்டி, ஒன்றை மூத்தவருக்கும் மற்றதை இளையவள் சுஹைராவுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று. குசினி இரண்டு இருந்தும் அடுப்பெரிவது ஒன்றில்தான். மத்தியானம் சோற்றை ஒரு பெரிய தட்டத்தில் குவித்து, நடுவில் ஆணம் ஊற்றி, அக்காவும் தங்கையும் எதிரெதிரே பாயில் உட்காருவார்கள். அந்தத் தட்டம்தான் சஹன். கலியாண வீட்டில் ஐந்தாறு பேர் கூடிச் சாப்பிடுவதை இவர்கள் தினமும் இரண்டு பேராகச் செய்தார்கள். இவர் இந்தப் பக்கத்திலிருந்தும் அவள் அந்தப் பக்கத்திலிருந்தும் சாப்பிட்டுக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். பிள்ளைகள் கட்டிக்கொண்டு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தொழில் தயிர். கணவர் ஸெய்னுதீன் எருமைப் பாலைக் கொண்டுவந்து இறக்குவார். அதைக் காய்ச்சி, ஆறவிட்டு, சட்டிகளில் ஊற்றி, உறை வைத்து, தெருவோரக் கடைகளுக்கு அனுப்புவது நிஸா ராத்தா. பால் அண்டாவை இறக்கிவைக்க வேறு ஆளைக் கிட்டவும் விடமாட்டார். ஒருநாள் சட்டி ஒன்று உடைந்து, ஓட்டுத்துண்டு பாதத்தில் ஏறிவிட்டது. பதினொரு வருடச் சீனி வருத்தத்தில் கால் மரத்திருந்தது. இரண்டு நாள் அந்த ஓட்டோடு நடந்திருக்கிறார். நிலம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் இரத்தம் தெரிந்தது.

நான் முதல் தடவை போனபோது கால் கட்டோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"டொக்டர் எட்டுக் கிழம தந்திரிக்கார் மிஸ்," என்றார். "சீனி இறங்கி, புண் காயத் தொடங்கினாச் சரி. இல்லாட்டி முன்பாதத்த எடுக்கிறதாம். பாதமில்லாம இந்த அண்டாவ எப்பிடித் தூக்கிற?"

நான் குடல், நுண்ணுயிர் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். வயிற்றுக்குள் கிருமி என்றதும் அவருடைய முகம் சுளித்தது. பக்கத்தில் வரிசையாக மூடிவைத்திருந்த தயிர்ச் சட்டிகளைப் பார்த்துவிட்டு, "உறை மாதிரி எண்டு வைங்கோவன்," என்றேன்.

"அப்பிடி விளங்கிற மாதிரிச் சொல்லுங்களன். ஒரே பால ரெண்டு சட்டியில ஊத்தி வேற வேற உறை வெச்சா ஒண்டு இனிக்கும், ஒண்டு புளிக்கும். பால்ல குத்தமில்ல."

பேராசிரியர்கள் ஒன்றரை மணி நேரம் படம் போட்டுச் சொன்னதை இந்த மனுஷி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் நான் சொன்னது அவருடைய வார்த்தையைத்தான்.

கேள்வித்தாளில் பதினேழாவது கேள்வி, கடந்த மூன்று மாதத்துக்குள் அன்டிபயோட்டிக் குளிசை எடுத்தீர்களா என்பது. எடுத்திருந்தால் ஆய்வில் இடமில்லை. அந்தக் குளிசை குடலில் குடியிருப்பதையும் கொன்றுவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. இதையும் நானே விளக்கமாகச் சொன்னேன். நிஸா ராத்தா தன் கால் கட்டைக் குனிந்து பார்த்தார்.

"எடுத்தா எடுபடாதா மிஸ்?"

"ஓம். சேர்க்க ஏலாது."

"இல்ல. எடுக்கல்ல."

அலுமாரிக்கு மேலே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில், சிவப்பும் கறுப்புமான குளிசை அட்டை ஒன்று கிடந்தது. பாதி வெறுமையாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். சீழ் பிடித்த காலோடு இருக்கிற மனுஷிக்கு ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு மூளை இல்லாமலில்லை. நாற்பது பேர் தேவை, முப்பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள். இவரை விட்டால் இன்னொரு நாள், இன்னொரு பஸ், இன்னொரு ஒழுங்கை. யாருடைய குளிசையோ என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

மூன்றாம் நாள் குப்பியை வாங்கப் போனேன். மூன்று சொப்பின் பைகளில் சுற்றி, அதன்மேல் பத்திரிகைத் தாள் சுற்றி, நூலால் கட்டித் தந்தார். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். சுஹைரா கிணற்றடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பட்டியல் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. பச்சை நிறத்தில் முதலாவது, வெள்ளைச் சோறு. அடுத்தது கதலிப்பழம். பிறகு இடியப்பம், பயறு, மீன். சிவப்பில் பேக்கரிப் பாணும் தேங்காய் ரொட்டியும். எனக்கே கொஞ்சம் திகைப்புத்தான். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறவள் நான். கணினி சொன்னால் கேட்க வேண்டியதுதானே.

நிஸா ராத்தா தாளை வாங்கி மூன்று தரம் வாசித்தார். "சோறா மிஸ்? நெசமாவா?" அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினொரு வருடமாக ஒவ்வொரு கிளினிக்கிலும் சோற்றைக் குறை, சோற்றை விடு என்று ஏச்சு வாங்கியவர். சஹனில் உட்கார்ந்தும் தன் பக்கத்துச் சோற்றைக் கள்ளமாகக் குறைத்து, தங்கையின் பக்கம் தள்ளிவிட்டே பழகியவர். அன்றைக்கு அழுதுகொண்டே சிரித்தார். வாசலில் நின்ற சுஹைராவின் முகத்தில்தான் சந்தோஷமில்லை.

"ராத்தா, கொஞ்சமாத் திண்டு பாருங்க," என்றாள்.

"போடி. எனக்கெண்டு எழுதினது இது."

இங்கே எங்கள் ஆட்களின் கிளினிக் பழக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் கோபப்பட வேண்டும். கிண்ணியா, மூதூர், சாம்பல்தீவு, சல்லி, எந்த ஊரென்றாலும் இதுதான் கதை. மாதத்தில் இருபத்தேழு நாள் இஷ்டம்போலச் சாப்பிடுவார்கள். கிளினிக்குக்கு முந்தின மூன்று நாள் பாகற்காய்ச் சாறு, கீரை, அரை வயிறு. இரத்தம் எடுக்கும்போது சீனி ஒழுங்காக இருக்கும். தாதி மெச்சுவார், ஏச்சு விழாது. ஏதோ சோதினைக்குப் படிக்கிற மாதிரி. என் சொந்த அம்மாவே இதைச் செய்கிறா. ஏனென்று கேட்டால், "பிறகு ஆர் அந்தப் பேச்சு வாங்கிறது?" என்கிறா. வருத்தத்தைவிட ஏச்சுக்குத்தான் பயம்.

நிஸா ராத்தாவும் அப்படித்தான். பட்டியல் கொடுத்து இரண்டு கிழமையில் கிளினிக் வந்தது. மூன்று நாள் வயிற்றைக் காயப்போட்டுவிட்டுப் போனார். நூற்றி முப்பத்தெட்டு. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அந்தத் தாளைப் படமெடுத்துத் திட்டத்தின் அறிக்கையில் போட்டேன். புண் மட்டும் காயவில்லை. அதற்கு நாளெடுக்கும் என்றேன், எனக்கு ஏதோ தெரிந்தமாதிரி.

பட்டியல் கொடுத்த நான்காம் கிழமை முடிவில் சென்சர் ஒட்டினேன். பத்து ரூபாய் நாணயக் குத்தியளவு வெள்ளை வட்டம், மேல்கையின் பின்பக்கம். தொலைபேசியைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த நிமிடத்துச் சீனி தெரியும். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். தொலைபேசியில் கோடு கோடாக மலைகள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு முந்நூற்றிப் பன்னிரண்டு. கதலிப்பழம் இருநூற்றி எழுபது. இடியப்பம் முந்நூற்றி நாற்பது. எல்லாம் பச்சைப் பட்டியலில் இருந்தவை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. காலையில் பஸ் பழுதாகி, பாலத்தடியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தேன். வளவுக்குள் நின்று, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கத்தக்கதாகச் சத்தம் போட்டேன்.

"என்ன ராத்தா திண்டனீங்கள்? கேக்கா, சர்பத்தா? பட்டியலில இருக்கிறதத் திண்டா இப்பிடி ஏறாது. உங்கட காலுக்காகத்தானே நான் இந்தப் பெட்டியக் காவித் திரியிறன். எனக்கேன் பொய் சொல்லுறீங்கள்?"

நிஸா ராத்தா கதிரையில் தலை குனிந்து இருந்தார். "பொய் சொன்னது நெசம்தான் மிஸ். சாப்பாட்டில சொல்லல்ல."

குசினியிலிருந்து சுஹைரா வந்தாள். ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை.

"ராத்தாவ ஏசாதீங்க மிஸ். அந்தக் குப்பியில இருந்தது என்ட."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிஸா ராத்தாதான் சொன்னார். காலுக்கு அன்டிபயோட்டிக் இருபது நாளாக ஓடிக்கொண்டிருந்ததாம். சொன்னால் சேர்க்கமாட்டோம். சொல்லாமல் தன் குப்பியைத் தந்தால் மெஷின் கண்டுபிடித்துவிடும். அதனால் தங்கையிடம் கேட்டார். தங்கை மாட்டேன் என்றாள். அக்கா காலைக் காட்டினார். அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை.

"உறை வேற எண்டா தயிர் வேற எண்டு உங்களுக்குச் சொல்லித் தந்ததே நான்தான்," என்றார் நிஸா ராத்தா. "எண்டாலும் ஒரு உம்மாட வயித்தில பிறந்து, ஒரு கிணத்துத் தண்ணியக் குடிச்சு, ஒரே சஹன்ல கைய வெச்சுத் தின்ற ரெண்டு பேருக்கு உறையும் ஒண்டாத்தானே இரிக்கும் எண்டு நெனச்சிட்டன். சட்டிக்குத் தெரிஞ்ச நான் வயித்துக்கு யோசிக்கல்ல."

அக்காவின் வயிற்றுக்கு என்று தந்தது தங்கையின் வயிற்றுப் பட்டியல். நான்கு கிழமை அந்த மனுஷி தன் சொந்தச் சந்தோஷத்தால் தன் காலைக் கெடுத்துக்கொண்டிருந்தார். சுஹைரா அதை நேரெதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிடியையும் பார்த்திருப்பாள்.

சொல்லாமல் எழும்பிப் போயிருக்கலாம், யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் சொல்லிவிட்டேன்.

"மணிக்கூட்டுக்குப் பக்கத்தில இருந்த குளிசைய நான் அண்டைக்கே கண்டனான் ராத்தா. கேட்கேல்ல."

"நீங்க கண்டது எனக்கும் தெரியும் மிஸ்," என்றார் அவர். "அதாலதான் துணிஞ்சு இல்ல எண்டன்."

அன்றைக்கு பஸ்ஸில் யாரோ என்ன மீன் என்று கேட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன்.

ஓர்ஸ் ஹில்லில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். நாற்பதாவது பெயரை வெட்டினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம்தான். சென்சரைக் கழற்றிக் கொண்டுவா என்றார்கள். அதைமட்டும் நான் செய்யவில்லை. கழற்றினாலும் வேறொருவருக்கு ஒட்ட ஏலாத சாமான். அதில் இன்னும் ஒன்பது நாள் உயிர் இருந்தது. டொக்டர் சொன்ன தவணைக்கு மிச்சமிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கணினி இல்லாமல் நாங்களே பார்த்தோம். ஒரு வேளைக்கு ஒரு சாப்பாடு, இரண்டு மணி நேரம் பொறுத்து ஒரு பார்வை. நான் முடிந்த நாளெல்லாம் வேலை முடித்துப் பெட்டியோடேயே போனேன், போகாத நாளில் சுஹைரா இலக்கத்தைத் தொலைபேசியில் சொன்னாள். தங்கைக்குச் சிவப்பாக இருந்த தேங்காய் ரொட்டி அக்காவுக்கு நூற்றி அறுபதைத் தாண்டவில்லை. அவித்த கடலை அதிலும் குறைவு. குரக்கன் பிட்டு, எல்லோருக்கும் நல்லதென்று நாடே சொல்கிற அந்தக் கேழ்வரகுப் பிட்டு, இவருக்கு இருநூற்றி அறுபது. முதலில் ஒரு சின்னக் கோப்பை தயிர், கீரை, மீன், பிறகு ரொட்டி என்று வரிசை மாற்றினால் இன்னும் இறங்கியது. சோறு எந்த வழியாகக் கொடுத்தாலும் எகிறியது. அரைப் பிடி, கால் பிடி என்று குறைத்துப் பார்த்தார். கடைசியில், "அது எனக்கில்ல மிஸ், விடுங்க," என்றார். எந்தக் கிளினிக்கிலும் அவர் அப்படிச் சொன்னதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஒன்பதாம் நாள் கோடு தரையோடு தரையாக ஓடியது. காலத்தைத் திருப்பி ஓட்டத்தான் வழியில்லை. இரண்டு விரல் கறுத்துவிட்டிருந்தது. பெருவிரலையும் அடுத்ததையும் எடுத்தார்கள், பாதம் தப்பியது. வார்டுக்கு வெளியே டொக்டர் என்னிடம் சொன்னார், "சீனி இப்ப இறங்கினபடியாத்தான் இவ்வளவோட நிண்டது. ஒரு மாசத்துக்கு முதல் இறங்கியிருந்தா விரலும் இருந்திருக்கும்." நான் ஓம் என்று தலையாட்டினேன்.

பாதம் தப்பினால் ஓதிச் சாப்பாடு போட்டுக் கந்தூரி கொடுப்பதாகச் சுஹைரா நேர்ந்திருந்தாளாம். இரண்டு மாதம் கழித்து அந்த வளவிலேயே கொடுத்தார்கள். எனக்கும் சொல்லியனுப்பினார்கள். பெட்டி இல்லாமல் நான் கிண்ணியா பஸ்ஸில் ஏறியது அன்றைக்குத்தான்.

ஓதி முடித்துச் சாப்பாடு வந்தது. எனக்கு ஒரு கதிரையும் தனித் தட்டும். மற்ற எல்லோருக்கும் பாய்களில் சஹன். அக்காவும் தங்கையும் வழக்கம்போல எதிரெதிரே இருந்தார்கள், ஒரே சஹனில் இரண்டு பேராக. நிஸா ராத்தா கட்டுப் போட்ட காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு, தன் சின்னத் தட்டை மடியில் வைத்திருந்தார். அதில் ரொட்டி, கடலை, கீரை, ஒரு துண்டு மீன். சுஹைரா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள், சோற்றைத் தொடவில்லை. அப்போதுதான் அவளைக் கவனித்தேன். சட்டை தோளில் தொங்கியது. அன்றைக்கு என்னிடம் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவள் சோறு தின்னவில்லையாம். ஸெய்னுதீன் காதோடு சொன்னார்.

"தின்னு," என்றார் அக்கா.

"வேணா ராத்தா. எறங்குதில்ல."

நிஸா ராத்தா தன் தட்டை ஒதுக்கி வைத்தார். காலை இழுத்து இழுத்து நகர்ந்து, தங்கையின் பக்கத்துச் சோற்றை ஆணத்தோடு பிசைந்து ஒரு பிடி எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார்.

"வாயத் திற. உன்ட வயித்துக்கு இது ஒத்துக்கும் எண்டு கம்ப்யூட்டர் எழுதியிரிக்கு. உனக்காக நான் ஒரு மாசம் திண்டு பாத்துத்தான் சொல்றன், என்ட வயித்துக்குத்தான் ஒத்துக்கல்ல."

சுஹைரா வாயைத் திறந்தாள். மென்றுகொண்டே அழுதாள். அக்கா இன்னும் இரண்டு பிடி ஊட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தன் ரொட்டிக்குத் திரும்பினார். அவர் அழவில்லை. களைத்திருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சுஹைரா தானாகவே சாப்பிட்டாள். தன் பக்கத்துச் சோற்றை நடுவரைக்கும் சாப்பிட்டு நிறுத்தினாள். மற்றப் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது.